படகு ஏறாத பைலட்

படகில் கால் வைக்காமலே மாமியார் வீட்டுத் தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது என்று நேசகுமார் தீர்மானம் செய்தார்.

தீர்மானம் பிறந்த இடம் திருத்தணியில் அவருடைய வீட்டு முன்னறை. திருத்தணியைத் தண்ணீரே இல்லாத ஊர் என்று சொல்லிவிட முடியாது. மலையடிவாரத்தில் குளம் இருக்கிறது, நந்தியாறு என்று பேருக்கு ஓர் ஆறும் இருக்கிறது. ஆனால் படகு விடுகிற அளவுக்கு எதுவும் இல்லை. அதனால்தான் அவர் வேறெந்த ஊரிலும் வீடு கட்டவில்லை.

ஆள் கோழை இல்லை. முப்பத்து நான்கு வருஷம் சரக்கு ரயில் ஓட்டியவர். அரக்கோணத்தில் ஏறினால் ஆந்திராவைத் தாண்டி எங்கெங்கோ போய்வருவார். ஒன்பது வயதில் கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு வயல் கிணற்றில் விழுந்து, மூன்றாவது முறை மூழ்கும்போது யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் அவருக்கு உயிர் போய்விடும். தலையில் முடி போய்விட்டதால் இனிமேல் விழுந்தால் பிடித்துத் தூக்கவும் வழியில்லை என்பது அவர் வாதம்.

இப்படிப்பட்ட மனுஷருக்குத்தான் பழவேற்காட்டு ஏரிக்கு நடுவில் ஒரு தீவில் பிறந்த தேவசுந்தரி மனைவியாக வாய்த்தாள். கல்யாணம் திருத்தணி சர்ச்சில் நடந்தது, தப்பித்தார். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் டியூட்டி காப்பாற்றியது. தீவில் கிறிஸ்துமஸ் என்றால் டியூட்டி. ஞானஸ்நானம் என்றால் டியூட்டி. மாமனார் இறந்தபோது மட்டும் கரைவரைக்கும் போனார். தேவசுந்தரி அழுதுகொண்டே படகில் ஏறினாள். இவர் ஏறவில்லை. சாயங்காலம் அவள் திரும்பி வருகிறவரை படகுத்துறையில் ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவள் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

எட்டு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றார். டியூட்டி போயிற்று. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் கெசியா, அப்பா சும்மா உட்கார்ந்தால் அம்மாவுக்குத்தான் கஷ்டம் என்று கணக்குப் போட்டு, தன் பழைய கம்ப்யூட்டரையும் பெரிய திரையையும் கையால் பிடித்து ஓட்டும் ஒரு ஜாய்ஸ்டிக்கையும் முன்னறையில் பொருத்திக் கொடுத்தாள். விமானம் ஓட்டும் விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், சிமுலேட்டர் என்று சொல்லவேண்டும். ரயில்வேயில் அவர் பதவிக்குப் பெயர் லோகோ பைலட். "லோகோவைத் தூக்கிட்டா மீதி பைலட்தானே?" என்பார்.

உலகத்து விமானங்களை எல்லாம் விட்டுவிட்டு அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். தரையிலும் இறங்கும், தண்ணீரிலும் இறங்கும் விமானம். வயிறு படகு மாதிரி இருக்கும், பக்கத்தில் மடக்கிக்கொள்ளும் சக்கரம் இருக்கும். திரையில் பழவேற்காட்டு ஏரியைத் தேடிப்பிடித்து, மைத்துனன் சைமன் வீட்டுத் தீவுக்கு எதிரே போய் ஒருநாள் இறங்கியே விட்டார்.

"சுந்தரி! சீக்கிரம் வா! உங்க ஊர்ல நிக்கறேன் பாரு!"

தேவசுந்தரி ஈரக் கையோடு வந்து பார்த்தாள்.

"இஞ்சின் ஓடுதா?"

"நிறுத்திட்டேன்."

"நங்கூரம் போட்டீங்களா?"

"அது எதுக்கு?"

"அப்போ ஏன் ஆடாம அசையாம நிக்குது? நீங்க தண்ணில எறங்கினீங்களா, தார் ரோட்ல எறங்கினீங்களா?"

சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கே கெசியாவைக் கூப்பிட்டு, தண்ணீர் தண்ணீராகவே நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். அவள் இணையத்தில் தேடி ஒரு புதிய விமானத்தை இறக்கிக் கொடுத்தாள். நிஜ விமானம் எப்படியோ அப்படியே நடக்கும் என்று அதன் குறிப்பில் எழுதியிருந்தது.

நிஜமாகவே நடந்தது. தண்ணீரில் பிரேக் கிடையாது என்பதை அவர் முதன்முதலாக அறிந்தார். நிறுத்தினால் காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே போயிற்று. மூக்கை ஒரு பக்கம் திருப்பினால் அது காற்றைப் பார்த்துத் தானாகத் திரும்பிக்கொண்டது. கொஞ்சம் வேகமாக இறங்கினால் தவளை போலத் தத்தித் தத்திக் கவிழ்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சக்கரம். தரையில் இறங்க அதைக் கீழே விடவேண்டும். தண்ணீரில் இறங்க மேலே தூக்கவேண்டும். மறந்து கீழே விட்டபடி தண்ணீரைத் தொட்டால் சக்கரம் தண்ணீரில் மாட்டி, விமானம் தலைகுப்புறக் கரணம் அடிக்கும். தண்டவாளம் எங்கே போகிறதோ அங்கே போய்ப் பழகியவருக்கு இது புது வேதனை. கவிழ்ந்த ஒவ்வொரு முறையையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தார்.

சமையலறையிலிருந்து குரல் வரும்.

"முழுகிட்டீங்களா?"

"ஆங்."

"காபி வெக்கட்டுமா?"

"வை."

நாற்பத்தொரு முறை கவிழ்ந்தார். நாற்பத்தொரு காபி குடித்தார்.

நாற்பத்தொன்றாவது காபியின்போதுதான் வினை வந்தது. பக்கத்து வீட்டு ஜம்புலிங்கம் பேப்பர் படிக்க வந்து உட்கார்ந்திருந்தார். திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போட்டு ஓய்வு பெற்றவர். தேவசுந்தரியை அக்கா என்பார், அதனால் நேசகுமார் அவருக்குப் பாவா.

"என்னாங்க, சைமன் போன் பண்ணான்" என்றாள் தேவசுந்தரி. "அவன் பொண்ணு ஜெபசெல்விக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை கல்யாணம். பொண்ணு வீட்டை விட்டு எறங்கறப்போ அத்தையும் மாமாவும் ஜோடியா முன்னாடி நடக்கணும். அது எங்க வீட்டு வழக்கம்."

"நடக்கலாமே. நடக்கறதுக்கு எனக்கு இன்னா பயம்?"

"நடக்கறதுக்கு முன்னாடி படகு ஏறணும்."

"வியாழக்கிழமை எனக்கு டியூட்..." வாய் பழக்கத்தில் பாதி தூரம் போய்விட்டது.

"இன்னா டியூட்டி? இங்க முழுகற டியூட்டியா?"

ஜம்புலிங்கம் பேப்பரை மடித்தார். "நான் மாசாமாசம் கிருத்திகைக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு படி ஏறறேன். நீ ஒரே ஒரு பலகை ஏறக்கூடாதா பாவா?"

இரண்டு பேர் சேர்ந்து கேட்டதில் நேசகுமாருக்கு ரோஷம் வந்தது. "படகு ஓட்டறது ஒரு வித்தையா? இதோ இதுதாண்டா வித்தை! எட்டு மாசமா நானே தடவிகினு இருக்கேன். இவ ஒரே ஒரு தடவை இதைக் கவுக்காம தண்ணில எறக்கட்டும். நான் படகு ஏறறேன்!"

"எப்போ?" என்றாள் தேவசுந்தரி.

"எப்போ வேணா!"

"சனிக்கிழமை காலைல. மூணு நாள் நீங்களே சொல்லிக் குடுங்க. ஜம்புலிங்கம், நீ சாட்சி."

"ஆங், சாட்சி."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நேசகுமார் காலைத்தான் விடமாட்டார். வாயை எங்கே வேண்டுமானாலும் விடுவார்.

முதல் நாள் அவள் ஏழு முறை கவிழ்த்தாள். அவர் முதன்முறையாகச் சமையலறைக்குப் போய் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். மனம் அவ்வளவு குளிர்ந்திருந்தது. இரண்டாம் நாள் நான்கு முறை. காபியில் சர்க்கரை குறைந்தது. மூன்றாம் நாள் அவள் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்த விதம் அவருக்குச் சரியாகப் படவில்லை. அவர் அதை ரயில் பிரேக்கைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடிப்பார். அவள் இரண்டு விரலால் பிடித்தாள்.

"கெட்டியாப் புடிம்மா."

"தண்ணிகிட்ட கெட்டித்தனம் காட்டக் கூடாதுங்க. அது போற பக்கம் கொஞ்சம் போயி, அப்புறம் நம்ம பக்கம் கூட்டிகினு வரணும்."

"எங்க கத்துகினே?"

"எங்க அப்பா படகுல. கோலு ஊனறப்போ சொல்லிக் குடுத்தாரு."

மூன்றாம் நாள் அவள் ஒருமுறைகூடக் கவிழ்க்கவில்லை. மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க மூன்று நாள் செலவழித்தோமே என்று நேசகுமார் அயர்ந்துபோனார். வியாழக்கிழமையும் படகும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. கிணற்றின் அடியிலிருந்து பார்த்த வட்டமான வானமும் வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. மூன்று நாளும் அவள் நாற்காலியில் உட்காரும் முன்பே அவர் ஜாய்ஸ்டிக் பக்கத்தில் இருந்த லீவரைத் தூக்கிச் சக்கரத்தை மேலே ஏற்றி வைத்துவிடுவார். சக்கரம் என்று ஒன்று இருப்பதையே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் மறந்துதான் போனார், சத்தியமாக. இனிமேல் மறந்தது மறந்ததாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். சனிக்கிழமை சக்கரம் கீழேயே இருக்கும். அவள் எவ்வளவு அழகாக இறக்கினாலும் ஒரே கரணம். பொய் சொல்லப் போவதில்லை, வாயை மூடிக்கொண்டு இருக்கப் போகிறார், அவ்வளவுதான். அப்படித்தான் தன் மனசாட்சிக்குச் சமாதானம் சொன்னார். மனசாட்சி பதில் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ரயில் இஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் சிக்னலைப் பார்த்து "பச்சை" என்று வாய்விட்டுச் சொன்னால், மற்றவர் தன் கண்ணால் பார்த்து "பச்சை" என்று திருப்பிச் சொல்லவேண்டும். பார்க்காமல் சொல்லக்கூடாது. பார்த்ததைச் சொல்லாமலும் இருக்கக்கூடாது. இந்தப் பழக்கம் நேசகுமாரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. தேவசுந்தரி "கேஸ் ஆஃப்" என்பாள். இவர் எழுந்து போய்ப் பார்த்து "கேஸ் ஆஃப்" என்பார். "பின்கதவு பூட்டு." "பின்கதவு பூட்டு." காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவள் "மாத்திரை ரெண்டு" என்றால், உள்ளங்கையைப் பார்த்து "மாத்திரை ரெண்டு" என்று முனகியவர். முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு பொய் சிக்னல் சொன்னதில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. தூங்கும்போது தட்டி எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

சனிக்கிழமை காலை பத்து மணி. மலைக்கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜம்புலிங்கம் நெற்றி நிறைய விபூதியோடு சாட்சி சொல்ல வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தேவசுந்தரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் விமானம் ஏரிக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. சக்கரம் கீழே இருந்தது. அதைக் காட்டும் சின்னப் பச்சை விளக்கு மூலையில் எரிந்தது.

"நீங்க பக்கத்துல உக்காருங்க."

"நான் எதுக்கு?"

"ரெண்டு பேர் ஓட்டற வண்டின்னு நீங்கதானே சொல்வீங்க?"

உட்கார்ந்தார். விளக்கின் பக்கம் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

அவள் அவசரப்படவில்லை. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினாள். கீழே நங்கூரமிட்ட படகுகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

"கட்டின படகு மூக்கு எந்தப் பக்கம் காட்டுதோ அங்கேர்ந்துதான் காத்து வருது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு குரலை உயர்த்தினாள். "காத்து கிழக்கே."

நேசகுமாரின் கண் தானாகத் திரைக்குத் திரும்பியது. "காத்து கிழக்கே."

"நடு ஏரி வேணாம். வெறும் தண்ணியப் பாத்து எறங்கினா எவ்ளோ ஒயரம்னு தெரியாது. நாணல் ஓரமாப் போறேன். நாணல் இடது பக்கம்."

"நாணல் இடது பக்கம்."

"வேகம் எழுபது."

"வேகம் எழுபது."

நாணல் பெரிதாகிக்கொண்டே வந்தது. தண்ணீரின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஜம்புலிங்கம் "முருகா" என்றார். நேசகுமார் அந்த இடத்தை அடையாளம் கண்டுகொண்டார். சைமனின் தீவு. அதற்கு எதிர்க் கரையில்தான் அந்தக் கருவேல மரம் இருக்கவேண்டும்.

தேவசுந்தரி நிதானமாகச் சொன்னாள். "எறங்கறது தண்ணி."

"எறங்கறது தண்ணி..." என்றார் நேசகுமார். பார்க்காமல் சொல்லக்கூடாது. பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொள்ள வேண்டிய நேரம் இதுதான். எல்லாத் திட்டமும் இந்த ஒரு நொடிக்காகத்தான். மூட முடியவில்லை.

"சக்கரம் கீழே! சக்கரம் கீழே! சுந்தரி, சக்கரம் கீழே இருக்குது!"

கத்திக்கொண்டே அவரே பாய்ந்து லீவரைத் தூக்கினார். விளக்கு அணைந்தது. விமானம் நாணல் ஓரமாகத் தண்ணீரைத் தொட்டு, இரண்டு பக்கமும் நுரை எழுப்பி, ஒரு குலுங்கலும் இல்லாமல் ஓடியது. படகுத்துறையைக் கொஞ்சம் தாண்டியதும் அவள் இஞ்சினை நிறுத்திவிட்டாள். காற்று மெதுவாக அதைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்த் துறையில் சேர்த்தது. அவர் எட்டு மாதமாகப் படாத பாடு பட்ட இடத்தில் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜம்புலிங்கம் எழுந்து நின்று கை தட்டினார்.

"செல்லாது!" என்றார் நேசகுமார். "நான் சொன்னதாலதான் தப்பிச்சா. நான்தான் சக்கரத்தைத் தூக்கினேன்!"

"இஞ்சின்ல ரெண்டு பேரு இருக்கறது எதுக்கு பாவா? ஒர்த்தன் மறந்தா இன்னொர்த்தன் சொல்லணும்னுதானே? இதை நீதான் எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கே. செல்லும்."

சாட்சி தீர்ப்பும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். முன்னறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"அவன் சொன்னது தப்பு" என்றாள் தேவசுந்தரி. "நான் மறக்கலை. மூணு நாளா நான் உக்கார்றதுக்கு முன்னாடி நீங்க அந்த லீவரைத் தூக்கறத பாத்துகினுதானே இருந்தேன். இன்னிக்குத் தூக்கலை."

நேசகுமார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "தெரிஞ்சுமா... நீயே தூக்கியிருக்கலாமே?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சரக்கு ரயிலைச் சிவப்பு சிக்னலில் ஓட்டிவிட்டவனின் வெட்கம் அது. நாற்பத்தொரு முறை கவிழ்ந்தபோதுகூட இப்படி முழுகியதில்லை.

"சொல்லாம இருக்கணும்னுதான் நெனச்சேன்."

"தெரியும். ஆனா சொல்லிட்டீங்கல்ல?" அவள் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலாம் என்று அவருக்குப் பட்டது. "அப்பா செத்தப்போ நீங்க சாயங்காலம் வரைக்கும் அந்த மரத்தடியிலயே உக்காந்திருந்தீங்க. டீ கூட குடிக்கலைன்னு படகுக்காரன் சொன்னான். பயந்தவரு வீட்டுக்குப் போயிருப்பாரு. நீங்க போகலை. அதனாலதான் நான் ஒண்ணும் கேக்கலை."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து வந்தாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை. அவர் அளவு. போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்டுப் பார்த்தார், கச்சிதமாக இருந்தது. பையில் ஒட்டியிருந்த கூரியர் சீட்டைப் படித்தார். பந்தயம் கட்டிய நாளுக்குப் பத்து நாள் முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

வியாழக்கிழமைக் கல்யாணத்துக்குப் புதன்கிழமையே கிளம்பினார்கள். திருவள்ளூர், பொன்னேரி என்று பஸ் மாறி மாறிப் போனார்கள். அந்த ஆரஞ்சுச் சட்டையை அவர் திருத்தணியிலேயே போட்டுக்கொண்டதால், பஸ்ஸில் எல்லாரும் அவரை ஏதோ மீட்புப் படை ஆள் என்று நினைத்து இடம் கொடுத்தார்கள்.

படகுத்துறை வந்தது. கருவேல மரம் அங்கேயே இருந்தது. படகில் சைமன் நின்றுகொண்டு கையை நீட்டினான். தேவசுந்தரி முதலில் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தாள். துறைக் கல்லுக்கும் படகுக்கும் நடுவே ஒரு சாண் தண்ணீர். அந்த ஒரு சாணும் நின்ற இடத்தில் நிற்காமல் அகலமாவதும் குறைவதுமாக இருந்தது. நேசகுமார் அதையே பார்த்தார்.

"நீங்க போங்க. நான் அடுத்த படகுல வரேன்."

"மாமா, இன்னிக்கு அடுத்த படகு இல்ல" என்றான் சைமன்.

"அப்போ... நாளைக்குக் காலைல..."

தேவசுந்தரி கெஞ்சவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே தெரிந்த தீவைப் பார்த்தபடி, தெளிவாக, உரக்கச் சொன்னாள்.

"வலது கால் உள்ளே."

"வலது கால் உள்ளே" என்றது நேசகுமாரின் வாய்.

சொன்ன பிறகு குனிந்து பார்த்தார். கால் இன்னும் வெளியேதான் இருந்தது. முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் ஒரு பொய் சிக்னல் சொன்னதில்லை.

காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.